யாரைக் கேட்டு

அவளிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. எதையும் கேட்காமல் செய்ய மாட்டாள். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு அடியில் கூட்டுவதற்குக்கூட, துடைப்பத்தோடு எதிரே வந்து நின்று, “நர்சம்மா, கூட்டட்டுமா?” என்பாள். “கூட்டேன், இதையெல்லாமா கேப்பாங்க?” என்று எரிந்து விழுவேன். “கேட்டா இன்னா, வாயில இருக்கிற முத்தா உதுந்துடும்?” என்று சொல்லிவிட்டு, நான் காலைத் தூக்கும்வரை அங்கேயே நிற்பாள்.

அறுபதுகளின் நடுவில், செஞ்சிக் கடைத்தெருவை ஒட்டி இருந்த ஒரு தர்மப் பிரசவ விடுதியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒருவர், செத்துப்போன தன் தாயாரின் ஞாபகமாக அதை நடத்தினார். மல்லாட்டை என்பது வேர்க்கடலைதான். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரில் சொன்னால்தான் அதற்கு ருசி. ஆறு கட்டில், ஒரு பிரசவ அறை, பின்னால் கிணறு. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை. செவ்வாய்க்கிழமை மட்டும் திண்டிவனத்திலிருந்து டாக்டரம்மா பஸ்ஸில் வருவார். மற்ற ஆறு நாளும் எல்லாமே நான்தான். மேல்சித்தாமூர்க்காரி, இருபத்து மூன்று வயது, பயிற்சி முடித்த மருத்துவச்சி, தலைக்கனத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

அவள் காலனியிலிருந்து ஆயா வேலைக்கு வந்தவள். ஆனால் ஆயா என்று கூப்பிட முடியாது. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அவளுக்கோ அப்போது முப்பத்தைந்துகூட இருக்காது. மண்டியின் கணக்குப்பிள்ளை, அறுபது வயதுக் கிழவர், முன்பல் இரண்டும் இல்லாதவர், முதல் நாளே அவளை “ஏ ஆயா” என்று கூப்பிட்டுவிட்டார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்து, “உங்கம்மாவப் பெத்தவளா சாமி நானு?” என்றாள். அதன் பிறகு அவர் அவளைக் கை தட்டித்தான் கூப்பிட்டார்.

அவளை நான் ‘வா, போ’ என்றுதான் பேசினேன். என்னைவிடப் பத்து வயது பெரியவள். அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று போட்டுப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றிப் படிப்பது போலிருந்தது. அவள் அவளாகவே இருக்கட்டும்.

அம்மை குத்தக் குழந்தைகளைத் தூக்கி வருவார்கள். நாங்கள் என்ன செய்வோம்? ஒருத்தி காலைப் பிடிக்க, ஒருத்தி கையைப் பிடிக்க, நான் குத்திவிடுவேன். இவள் நடுவில் புகுந்து குழந்தைக்கு எதிரே குந்திக்கொள்வாள். “குத்தலாமாடா ராஜா?” என்பாள். அது வேண்டாம் என்று தலையாட்டும். “சரி, எப்ப குத்தலாம் சொல்லு” என்பாள். “அப்புறம்” என்னும். நிஜமாகவே எழுந்து போய்விடுவாள். வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள், எனக்குத் தலை வெடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “அப்புறம் வந்துடுச்சு, இப்ப?” என்பாள். எந்தக் குழந்தையும் மூன்றாவது தடவைக்கு மேல் தாண்டியதில்லை. சட்டையைத் தானே தூக்கிக் கொடுக்கும். அழும், அது வேறு விஷயம்.

ஒரு தடவை, வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் போய், “கையப் புடிச்சிக்கட்டுமா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். “புடிச்சித் தொலையேண்டி, அதுக்கும் மனு எழுதிக் குடுக்கணுமா?” என்று அந்தப் பெண் போட்ட சத்தம் கடைத்தெரு வரை கேட்டது. இவள் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டாள். பிறந்த பெண்ணுக்கு அந்த அம்மாள் இவளைக் கேட்டுத்தான் பெயர் வைத்தாள்.

நான் சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். எத்தனை வேலை இருந்தாலும் வெயில் கோட்டை மதிலில் மஞ்சளாக ஏறும்போது, “சாப்டியா?” என்று அவள் குரல் வந்துவிடும். ஒருநாள் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டே, வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். “உன்னக் கேட்டாங்களா?” என்றாள். எங்கள் வீட்டில் கேட்கிற பழக்கம் இல்லை என்றேன். “பழக்கம் இன்னா பழக்கம், கேக்கச் சொல்லு, வந்துடும்” என்றாள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது நைனாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். நைனா பயந்துபோய், “உனக்கு இஷ்டமில்லையாம்மா?” என்று கேட்டுவிட்டார். இஷ்டம்தான். ஆனால் கேட்ட பிறகு சொன்ன இஷ்டத்துக்கு ஒரு தெம்பு இருந்தது. இன்றுவரை இருக்கிறது.

மண்டிக்காரரை ஒரே வார்த்தையில் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பிரசவத்துக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சியும் பாலும் போட்டவர். ஆனால் மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் காலனிப் பெண்களில் பாதிப்பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் லூப் வந்தது. கருப்பைக்குள் வைக்கிற, வளைந்து வளைந்து போகும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. அது உள்ளே இருக்கும்வரை கரு தங்காது. தமிழில் வளையம் என்று எழுதச் சொன்னார்கள். மண்டிக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வளையம் போட்டவளுக்குத்தான் தன் நிலத்தில் வேலை என்றார். போட்டதைத் தன்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவும் போட்டார். ஜில்லாவில் பெரிய மனிதர்கள் அவர் கையைக் குலுக்கினார்கள். காகிதங்களை எழுதியவள் நான்.

ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை. தொண்டூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து கணக்குப்பிள்ளை இரண்டு வண்டி நிறையப் பெண்களைக் கூட்டிவந்து இறக்கினார். வயல் வரப்பிலேயே சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வாங்கியாகிவிட்டது. முதலில் உள்ளே வந்தவள் சின்னப் பெண். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். மணிக்கட்டு இரண்டும் மூளியாக இருந்தன. பழைய வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

“பச்ச இருந்தா பச்சையே போடும்மா” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற இவளுக்குத்தான் முதலில் புரிந்தது. ஆடி மாதம் அம்மனுக்கு வளையல் சாத்தி, பெண்களுக்கும் கொடுக்கிற மாதம். செஞ்சியில் தர்மத்துக்கு வளையம் போடுகிறார்கள் என்று கணக்குப்பிள்ளை சொன்னதை அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தப் பெண்ணும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தாள். திடீரென்று இவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நர்சம்மா, இவங்களக் கேட்டியா?”

“கேட்டாச்சு. இதோ பாரு, எல்லாரும் கைநாட்டு வெச்சிருக்காங்க.”

“வெரலக் கேட்டீங்க. அவளக் கேட்டீங்களா?”

நான் காகிதங்களை அடுக்கி வைத்தேன். இவள் தட்டிலிருந்த ஒரு லூப்பைக் காட்டி, “இதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள். அதையும் கேட்டுத்தான் எடுத்தாள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போய், அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தாள். எங்கே வைப்பார்கள், வைத்தால் என்ன ஆகும், வயிறு வலிக்குமா, வேண்டாமென்றால் எடுக்கலாமா என்று எல்லாவற்றையும் பச்சையாகப் பேசினாள். சத்தம் கேட்டு டாக்டரம்மா கோபமாக வெளியே வந்தார். அதற்குள் ஒரு பெண் அவரிடமே சந்தேகம் கேட்டுவிட்டாள். அவர் அதற்குப் பதில் சொன்னார். பிறகு இன்னொருத்தி. கடைசியில் அவரும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷி. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முக்கால்வாசிப் பேர் எழுந்து நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வேலை கிடைக்காது என்று தெரிந்தேதான் போனார்கள். ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்க ஆள் பற்றாமல் மண்டிக்காரரே கூப்பிட்டனுப்பினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று நாலைந்து பேர் மட்டும் போகாமல் மரத்தடியிலேயே இருந்தார்கள். ஆறு பிள்ளை பெற்ற ஒருத்தி முன்னால் வந்து, “எனக்குப் போடு தாயி. எங்கூட்டு ஆளுக்கு மட்டும் சொல்லிடாத” என்றாள். பத்து நாள் கழித்து அந்த ஆள் வந்து வாசலில் நின்று கத்தினான், என் பெண்டாட்டிக்கு என்ன செய்தீர்கள் என்று. இவள் வாளியைக் கீழே வைக்காமலே, “உம் பொண்டாட்டியப் பத்தி என்ன ஏன் கேக்கற? அவளப் போயி கேளு” என்றாள்.

இனி பூங்காவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இவள் வேலைக்கு வருவதற்கு முன்பே பூங்காவனம் எங்கள் விடுதியில் தலைப்பிரசவம் ஆனவள். அவளும் தொண்டூர்ப் பக்கம்தான். ஆறாவது வாரம் உடம்பைக் காட்ட வந்தபோது டாக்டரம்மா லூப் வைத்தார். பக்கத்தில் நின்று விரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தியது நான். சத்துக்கு மருந்து என்றோ என்னவோ சொன்னேன். மூன்றாம் மாதம் குழந்தை இறந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு வருஷமாக அவளுக்கு ஒன்றும் நிற்கவில்லை.

ஒருநாள் காலை, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து நின்றாள். மேல்மலையனூர் அம்மனுக்கு ஏழாவது அமாவாசையாகப் போய்விட்டு நேராக வருகிறாளாம். மாமியார் வீட்டில் மலடி என்கிறார்களாம். புருஷனுக்கு வேறு பெண் பார்க்கப் பேச்சு நடக்கிறதாம். “எதனா மருந்து இருந்தா குடும்மா” என்றாள். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, டாக்டரம்மா வரும் நாளில் வா என்று அனுப்பிவிட்டேன்.

அவள் தெரு திரும்பியதும் இவள் வந்து நின்றாள். “அந்தப் புள்ளையப் பாத்து நீ ஏன் தலையக் குனிஞ்சிக்கின?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எடுத்து உடறியா?” என்று மட்டும் கேட்டாள்.

மண்டிக்காரரின் உத்தரவைச் சொன்னேன், என் வேலையைச் சொன்னேன். சரி என்று போய்விட்டாள். மறுநாள் காலை துடைப்பத்தோடு வந்து, “கூட்டட்டுமா?” என்றாள். நான் காலைத் தூக்கினேன். கூட்டி முடித்துவிட்டு, “எடுத்து உடறியா?” என்றாள். அதற்கு மறுநாளும் அதே இரண்டு கேள்வி. குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அம்மை குத்தும் குழந்தையிடம் கேட்கிற அதே குரல். மூன்றாம் நாள், “வரச் சொல்லித் தொலை” என்றேன்.

பூங்காவனம் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, அவள் வயிற்றில் என்ன இருக்கிறது, யார் வைத்தார்கள், யார் சொல்லாமல் மறைத்தார்கள் என்று நானே என் வாயால் சொன்னேன்.

“ரெண்டு வருசமா மண்சோறு துன்னேன்” என்றாள். பிறகு, “நீ இதே எடத்துலதான நின்னுக்கினு இருந்த?” என்றாள்.

“ஆமா.”

இவள்தான் அவள் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு கேட்டாள்.

“நூலு இருக்குது, ஒரு நிமிசத்துல வந்துடுமாம். எடுக்கட்டுமா?”

நான் வெந்நீர், கையுறை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“வேணாம். இருக்கட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆயுசில் முதல் தடவையாக அவளுக்கு அடுத்த கேள்வி வரவில்லை.

பூங்காவனமே சொன்னாள். “இன்னொருத்தியக் கட்டிக்கப் போறாரா, என்னோட இருக்கப் போறாரா? மொதல்ல அந்தாளு வாயால அது வரட்டும். அது தெரியாம நா இன்னொரு புள்ளைய வவுத்துல வாங்கிக்க மாட்டேன். இத்தினி நாளு எனக்குத் தெரியாம இருந்துச்சு. இனிமே தெரிஞ்சி இருக்கட்டும். எனக்குத் தோணும்போது வரேன்.”

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு போயே போய்விட்டாள். நான் இவளைப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடு, சொல்லிப் புரியவை, அந்தப் பெண்ணுக்கு வயசு போகிறது என்றெல்லாம் படபடத்தேன். இவளுக்கும் ஆசைதான், எடுத்துவிட வேண்டுமென்று. அது முகத்திலேயே தெரிந்தது. பின்பக்கம் போய்க் கிணற்றடியில் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து, “கேட்டோம். வேணான்னுட்டா. அவ்ளோதான நர்சம்மா” என்றாள். எடுத்து வைத்த வெந்நீரில் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

தை பிறந்து பொங்கல் கழிந்த ஒரு முற்பகலில் பூங்காவனம் வந்தாள். புருஷனும் வந்திருந்தான். உள்ளே வரக் கூச்சப்பட்டு, வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். வேறு பெண் பார்க்கும் பேச்சை அவனே நிறுத்திவிட்டானாம். இவள் சும்மா இருப்பாளா? அவனிடமும் போய், “இன்னாப்பா, எடுக்கட்டுமா?” என்றாள். “என்ன இன்னாத்துக்குக்கா கேக்கற? அது சொல்றதுதான்” என்றான் அவன், சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே. உள்ளே பூங்காவனம், “இப்ப எடு” என்றாள். எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதிவேட்டில் ‘எடுக்கப்பட்டது’ என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். முன்பு மறைத்தது போதும் என்றிருந்தது.

மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை அதைப் படித்துவிட்டார். மறுநாள் மண்டிக்காரரே வந்தார். பதிவேட்டை மேஜையில் போட்டார்.

“யாரக் கேட்டு எடுத்த?” என்றார்.

இதற்கு நம்மிடம் யாரும் பதில் சொல்வதில்லை. பெரியவர்கள் இப்படிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம். நானும் குனிந்துகொண்டேன். வாசற்படியில் வாளியோடு நின்றிருந்த இவள், நிஜமாகவே அவர் விவரம் கேட்கிறார் என்பது போலப் பதில் சொன்னாள்.

“அவளக் கேட்டுதாங்க.”

“எவள?”

“பூங்காவனத்தங்க. அவ வவுறுதான? ரெண்டு தபா கேட்டோம். மொத தபா வேணான்னா, உட்டுட்டோம். ரெண்டாவது தபா எடுன்னா, எடுத்துட்டோம்.”

மண்டிக்காரருக்கு அதில் எந்த இடத்தில் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைசியில் எளிய வழியைப் பிடித்துக்கொண்டார். “நீ நாளையிலேருந்து வராத” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான் படித்தவள், அவள் காலனிக்காரி. அந்தக் கணக்கு எனக்கும் புரிந்தது.

அவள் வராத முதல் நாள் இரண்டு பிரசவம். இரண்டாம் நாள் ஒன்று. ரத்தத் துணியும் மற்றதும் பின்னால் குவிந்தன. அந்த வேலைக்கு ஊரில் வேறு ஆள் இல்லை. காலனியில் யாரும் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். கணக்குப்பிள்ளை போய்க் கை தட்டிப் பார்த்தார். “உன்ன வரச் சொல்றாரு” என்றாராம். “சொல்றாரா, கேக்கறாரா?” என்றாளாம். நாலாம் நாள் மண்டிக்காரரின் கார் காலனி முனையில் போய் நின்றது. அவர் இறங்கவில்லை. ஹாரன் அடித்தார்கள், அவள் வந்தாள். “வரியா?” என்றார் ஜன்னல் வழியாக. “கேட்டீங்க இல்ல, வரேன்” என்று சொல்லிவிட்டு, காருக்குப் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தாள். வரப்பில் கைநாட்டு வாங்குவது அதோடு ஊரெல்லாம் நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கதவுக்குள்ளே நின்றது.

அவளுக்கென்று பின்வாசலில் ஒரு தகர டம்ளர் இருந்தது. அவள் வராத அந்த நாட்களில் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக வந்தது. எறும்பை மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொண்ட வீட்டில் பிறந்தவள் நான். இந்த டம்ளரை இத்தனை நாள் மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். எடுத்துக் கிணற்றில் வீசினேன். அவள் திரும்பி வந்த அன்று பெருமையாகச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கும் என்று நினைத்தேன்.

“என் டம்ளர யாரக் கேட்டுத் தூக்கிப் போட்ட?” என்றாள். பிறகு என் டம்ளரைக் காட்டி, “இதுல குடிக்கட்டுமா?” என்று கேட்டு, வாங்கி, மடமடவென்று குடித்தாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அதே டம்ளர்தான்.

அடுத்த வருஷம் நான் கல்யாணமாகி வேறு ஊர் போனேன். பூங்காவனத்துக்கு ஒரு பெண், ஒரு பையன். போன வருஷம் அவளைத் தேடிப்பிடித்துப் போய், உன் கதையை எழுதட்டுமா, பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். ஒருநாள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள், “போடு. அந்தாளு வெளிய சைக்கிளப் புடிச்சிக்கினு நின்னாரே, அதையும் போடு” என்றாள். போட்டுவிட்டேன்.

இவளைக் கேட்க முடியவில்லை. நான் தேடிப் போவதற்குப் பல காலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். எழுதும்போது அவள் பெயர் பேனாவின் முனை வரை பலமுறை வந்தது. அழகான பெயர். மகள் இருக்கிறாள், அவளைக் கேட்டுப் போடலாமே என்றார்கள். மகளைக் கேட்டால் மகளின் பதில்தானே கிடைக்கும்.